கதவு தட்டாத படகு

கோடைக்கு நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று ஏற்காட்டிலிருந்து என் சிநேகிதர் ஒருவர் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் போனேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது, அவர் வாசல் தாழ்வாரத்தில் ஒரு பெரிய மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை முழுவதும் ஒரு வரைபடம். காப்பித் தோட்டத்து வரைபடமாக இருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் பிரெஞ்சு தேசம். சாலைகளையும் ரயில் பாதைகளையும் மங்கலாகப் போட்டுவிட்டு, ஆறுகளையும் கால்வாய்களையும் மட்டும் நீலத்தில் அழுத்தமாகக் காட்டியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். சிநேகிதர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் படகில் ஒரு வாரம் போய்வரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். தூலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கமாகப் போகும் கனால் டு மிடி என்கிற கால்வாய் அவர் தேர்ந்தெடுத்தது. நல்ல தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும். பதினான்காம் லூயி காலத்தில், 1666-ல் தொடங்கி 1681-ல் முடித்த கால்வாய் அது. நீளம் 240 கிலோமீட்டர். ரிக்கே என்பவர் அதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, சொந்தப் பணத்தையும் கொட்டி வெட்டினார். வேலை முடிவதற்குச் சில மாதங்கள் முன்னால், 1680-ல் இறந்துபோனார். ஒரு கடலுக்கும் இன்னொரு கடலுக்கும் நடுவே மேடு இருக்கிறதே, அந்த மேட்டின் உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் ஏது? பக்கத்து மலையில் இறங்கும் ஓடைகளைத் திருப்பி, ஏரி கட்டித் தேக்கி, அங்கிருந்து கொண்டுவந்து விட்டார் அந்த மனிதர். மலை மழைதான் படகை நடத்துகிறது.

“மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம்தான். லைசென்ஸ் வேண்டாம். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துப் படகை நம்மிடமே விட்டுவிடுவான்” என்றார் சிநேகிதர். வழியில் லாக் என்று சொல்லப்படும் நீர்க்கதவுகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு லாக்கை மூடிவிடுவார்கள்; ராத்திரியும் திறக்க மாட்டார்கள். இந்த நேரங்களையெல்லாம் சிநேகிதர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். எந்த இடத்தில் மத்தியானம் நிற்போம், எந்த மரத்தடியில் ராத்திரி கட்டுவோம், அரிசி எத்தனை கிலோ, ரசப்பொடி எத்தனை பொட்டலம், ஊறுகாய் எத்தனை பாட்டில் எல்லாம் அதில் இருந்தன. படகில் மூன்று அறைகள். மூன்றாவது அறை எனக்கு. அதற்காகத்தான் மூன்று வருஷமாக அழைப்பு!

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

“படகுலே அடுப்பு இருக்குதுங்களா?” என்று புருஷனைக் கேட்டார்.

“இருக்கு, இருக்கு. நாலு பர்னர். ஃப்ரிட்ஜ்கூட இருக்கு. வீடு மாதிரியே, போயேன்.”

“அப்போ எனக்கு லீவு எங்கேங்க?”

சிநேகிதர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை சிநேகிதர் ஒரு சின்னப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஆர். எல். ஸ்டீவன்ஸன் எழுதிய ‘ஆன் இன்லண்ட் வாயேஜ்’. “படித்துவிட்டு வருகிறீர்களா இல்லையா சொல்லுங்கள். இதைப் படித்தபிறகு வரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது” என்றார். இரண்டு நாளில் படித்தேன். அவருக்கு அங்கே சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஸ்டீவன்ஸனை நம்மில் பெரும்பாலோர் ‘புதையல் தீவு’ கதைக்காரராகப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்போம். இது அதற்கு முன்னால் எழுதியது. அவருடைய முதல் புத்தகம். 1876-ல், இருபத்தைந்து வயதில், வால்ட்டர் ஸிம்ப்ஸன் என்ற நண்பருடன் ஆளுக்கொரு சிறு துடுப்புப் படகில் பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கால்வாய்கள் வழியாகவும் ஸாம்பர், வாஸ் என்னும் பிரெஞ்சு ஆறுகள் வழியாகவும் பாரிஸுக்கு அருகிலுள்ள பொன்த்வாஸ் வரை போனார். புத்தகம் 1878-ல் வெளிவந்தது. படகுகளின் பெயர் அரெத்யூஸா, சிகரெட். புத்தகத்தில் நண்பரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை. சிகரெட் சொன்னான், சிகரெட் தூங்கினான் என்றே எழுதிக்கொண்டு போகிறார்.

கதை என்று ஒன்றும் இல்லை. மழை பெய்கிறது, துடுப்புப் போடுகிறார்கள், ஊர் வருகிறது. பிரஸ்ஸல்ஸுக்கு அப்பால் ஐம்பத்தைந்து லாக்குகள் இருக்கின்றன என்று தெரிந்ததும், படகுகளை ரயிலில் ஏற்றி எல்லைக்கு வந்துவிடுகிறார்கள். இதை மறைக்காமல் எழுதுவதிலேயே இந்த ஆசிரியரிடம் எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. தாம் போட்ட திட்டம் பலித்ததாகக் காட்ட வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை.

ஆனால் சிநேகிதர் இந்தப் புத்தகத்தில் எதைக் கண்டு மயங்கினார் என்பதைக் கண்டுபிடிக்க நான் முதல் அத்தியாயத்துக்குக்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. ஸிம்ப்ஸனுக்கு எழுதிய சமர்ப்பணத்திலேயே அது இருக்கிறது. அங்கே ஸ்டீவன்ஸன் இன்னொரு படகைப் பற்றிச் சொல்கிறார். துடுப்புப் பயணத்தின்போது கால்வாய்களில் பெரிய சரக்குப் படகுகளைக் கண்டு இருவருக்கும் ஆசை வந்துவிட்டது. வீடுபோல் அதில் குடியிருந்துகொண்டு, குதிரை இழுக்க, ஐரோப்பாவின் கால்வாய்களில் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கலாம். புகையிலை உண்டு, நல்ல மது உண்டு, படிக்கப் புத்தகம் உண்டு. ஆசையோடு விடவில்லை; படகையும் வாங்கிவிட்டார்கள். கொலோன் நகரத்துக் கன்னிகைகள் பதினோராயிரம் பேருடைய பெயரை அதற்கு வைத்தார்கள். மொரே என்னும் பழைய ஊரில், ஆற்றோரத்தில், தச்சர் அதை அழகுபடுத்திக்கொண்டே இருந்தார். வேலைக்காரர்களுக்கு உற்சாகம் வருவதற்காகப் பாலத்தடி விடுதியில் மதுவும் வாங்கிக் கொடுத்தார்கள். பணம் எப்படிக் கரைந்தது என்பதைப் பற்றி விரிவாகப் பேச ஆசிரியர் விரும்பவில்லை! கடைசியில் அந்தப் படகு ஓர் அடிகூட நகராமல், அலங்கரிக்கப்பட்ட இடத்திலேயே மாதக்கணக்காக உளுத்தது. கோபம் கொண்ட தச்சர் அதை விற்றுவிட்டார். கூடவே அரெத்யூஸாவும் சிகரெட்டும் விலை போயின.

இந்த ஒன்றிரண்டு பக்கத்தைப் படித்ததும் எனக்கு ஏற்காட்டுத் தாழ்வாரத்து மேஜைதான் கண்முன் நின்றது. மொரேயில் உளுத்த படகும் என் சிநேகிதரின் நோட்டுப் புத்தகமும் ஒரே ஜாதி. இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஸ்டீவன்ஸனுக்கே நடந்தது என்றால் எனக்கு என்ன வெட்கம்?” என்றார். திட்டம் போடுவதே ஒரு சந்தோஷம், போகாவிட்டால் என்ன என்பது அவர் கட்சி. அதை நான் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின மாதம் கல்யாணத்தைவிட இனிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு வாசகனாக, நாவல் எழுதுகிறவனாக, எனக்கு எழுந்த கேள்வி வேறு. அந்தப் பெரிய படகு உளுக்காமல் நகர்ந்திருந்தால், அதைப் பற்றி ஸ்டீவன்ஸன் எழுதியிருக்கும் புத்தகம் நன்றாக இருந்திருக்குமா?

இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். காரணம் சொல்கிறேன்.

துடுப்புப் படகில் படுக்க இடம் கிடையாது, சமைக்க இடம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் நனைந்த துணியோடு கரையேறி, முன்பின் தெரியாத ஊரில் ஒரு கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். இந்தப் புத்தகத்தில் உயிருள்ள பக்கங்கள் அத்தனையும் அந்தக் கதவுகளுக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவை. பொன் ஸ்யூர் ஸாம்பர் என்ற கிராமத்தில் இவர்களைத் தெருவில் சுற்றும் வியாபாரிகள் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே தங்கும் இடத்தில் மெய்யான வியாபாரி ஒருவன், பெண்டாட்டி பிள்ளையோடு கழுதை வண்டியில் வந்து இறங்குகிறான். அவனுக்கு இவர்களைவிட மரியாதை ஜாஸ்தி! லா ஃபேர் என்ற ஊரில் இன்னும் மோசம். அங்கே அருமையான ஹோட்டல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, என்னென்ன சாப்பிடலாம் என்று வழியெல்லாம் கனவு கண்டுகொண்டு, கொட்டும் மழையில் போய் நிற்கிறார்கள். சமையலறை மணக்கிறது. வீட்டுக்காரி இவர்கள் கோலத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊர்ப்புறத்தில் போய் இடம் தேடுங்கள் என்று வெளியே விரட்டிவிடுகிறாள். இருட்டில், மழையில், பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊரில் அலைகிறார்கள். கடைசியில் பஸேன் என்பவரின் எளிய விடுதியில் இடம் கிடைக்கிறது. அந்த மனிதர் ராத்திரி வாசலில் உட்கார்ந்து தம் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார். நாள் முழுதும் உழைத்துக் களைத்த அவர் மனைவி, அவர் மார்பில் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். மறுநாள் கொடுத்த பில்லில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும்தான் கணக்கு இருந்தது. அந்தப் பேச்சுக்கும், அந்தத் தம்பதியைப் பார்த்துக்கொண்டிருந்த சந்தோஷத்துக்கும் கணக்குப் போடவில்லையே என்று ஸ்டீவன்ஸன் நினைத்துக்கொள்கிறார்.

பெரிய படகு இருந்திருந்தால் இந்த இரண்டு பெண்களில் ஒருத்தியையும் அவர் பார்த்திருக்க மாட்டார். விரட்டினவளும் கிடையாது, சாய்ந்துகொண்டவளும் கிடையாது. படகுக்குள்ளேயே அடுப்பும் மெத்தையும் அலமாரியும் இருக்கும்போது எவர் வீட்டுக் கதவை எதற்காகத் தட்டுவது? கரையில் மரங்கள் ஓடும், கோயில் கோபுரம் ஓடும், துணி துவைக்கும் பெண்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்த்ததையெல்லாம் அழகாக எழுதவும் அவரால் முடியும். ஆனால் அவரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். தன்னைப் பிறர் எடைபோடுவதை ஏற்றுக்கொள்ளாத பிரயாணி எழுதுவது வர்ணனையோடு நின்றுவிடுகிறது.

இன்றைக்கு கனால் டு மிடியில் வாடகைக்கு விடும் படகுகள் எல்லாம் அந்த மொரே படகின் வாரிசுகள்தான். நான்கு பர்னர் அடுப்பு சகிதம்!

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சூட்சுமம் என்று எண்ணிவிட வேண்டாம். ஏற்காட்டு மலைக்கு வடகிழக்கே, பஸ்ஸில் போனால் அரை நாள் பிரயாணத்துக்குள், செங்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சங்க காலத்தில் நன்னன் ஆண்ட ஊர். அவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்ததுதான் ‘மலைபடுகடாம்’. 583 அடிகள். பண்டிதர்கள் அதை ஆற்றுப்படை என்று வகைப்படுத்திவிட்டு மேலே போய்விடுவார்கள். நான் அதைப் பிரயாணத் திட்டம் என்று படிக்கிறேன். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்புக் குழி எங்கே, தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, ஆற்றங்கரைப் பாறை வழுக்கினால் எதைப் பிடித்துக்கொள்வது என்று விவரம் விவரமாக இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு வேறு. இந்தக் குடியில் போய் இன்னார் என்று சொல்லுங்கள், இன்ன சாப்பாடு போடுவார்கள். அந்தக் குடியில் உங்கள் சொந்த வீடுபோல் நுழையுங்கள், உறவினர்போல் உபசரிப்பார்கள் என்று கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு போகிறான் அந்தக் கூத்தன். கட்டுச்சோறு எத்தனை மூட்டை என்ற கணக்கு அதில் முக்கியமே இல்லை. வழி என்றால் அவனுக்கு வழியில் உள்ள மனிதர்கள்.

அந்த வழியில் வந்த நாம் இன்று எழுதும் பிரயாண நூல்களைப் பார்க்கிறபோது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. விமானம் ஏறினேன், விமானம் இறங்கினேன், நம்மூர்க்காரர் ஒருவர் வந்து அழைத்துப் போனார், அவர் வீட்டில் இட்லி கிடைத்தது, கோபுரம் இத்தனை அடி உயரம் என்பதே பாதிப் புத்தகம். புறப்படுவதற்கு முன்னால் என்ன ஆசைப்பட்டார், அதில் எது நடக்கவில்லை, எங்கே யாரிடம் அவமானப்பட்டார் என்று மூச்சு விடமாட்டார். பிறரைச் சொல்வானேன்? நானே அப்படி எழுதியிருக்கிறேன். ஓர் ஊரில் ஹோட்டலில் என் தோற்றத்தைப் பார்த்து இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை எழுதாமல், அந்த ஊர் நீரூற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அந்த நீரூற்று இப்போது எனக்கு நினைவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டின மனிதரின் முகம் நினைவிருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971-ல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ அவற்றில் தலையாயது. பெயரில் நடை இருக்கிறது. அவர்கள் போனது காரில். ஆனாலும் அந்தக் காரை அடிக்கடி நிறுத்தினார்கள் என்பதுதான் முக்கியம். ஆற்றைப் பார்க்கப் போனவர்கள் ஆற்றங்கரை மனிதர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். காவேரி தெரிய வேண்டிய இடத்தில் ஓர் ஆள் வந்து நின்று மறைத்தால், அவரை நகரச் சொல்லாமல் அவரையே எழுதினார்கள். தமிழில் ஆற்றுப் பயணம் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க நேரம் இருக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

ஸ்டீவன்ஸனிடம் எனக்குக் குறையும் உண்டு. அவர் ஏழையாகத் தோற்றமளித்தார்; ஏழை அல்ல. லா ஃபேரில் பட்ட அவமானம் அவருக்கு ஒரு ராத்திரி. பஸேன் விடுதியில் சூப்பு வந்ததும் தீர்ந்துவிட்டது. பிறகு அதைப் புத்தகமாக்கிக் காசும் பார்க்கலாம். மெய்யான தெரு வியாபாரிக்கு அது தினசரி. இதை அவர் உணரவில்லை என்று சொல்ல மாட்டேன். மேல்தட்டில் இருக்கிறவரையில் உலகம் மரியாதையாகத்தான் தெரியும், சக்கரத்தின் அடியில் போனால்தான் வலி தெரியும் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். வேறொரு சமயம் அதே நண்பருடன் பிரான்ஸில் கால்நடையாகப் போனபோது, கையில் தஸ்தாவேஜு இல்லாததாலும் உடை சரியில்லாததாலும் அவரைப் பிடித்துச் சிறை அறையில் அடைத்துவிட்டார்கள். நல்ல உடையும் காகிதங்களும் வைத்திருந்த ஸிம்ப்ஸன் வந்துதான் மீட்க வேண்டியிருந்தது. அதையும் பிற்பாடு எழுதினார். ஆக அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டதோடு நகைச்சுவையாக நகர்ந்துவிடுகிறார். இருபத்தைந்து வயதின் குறை அது.

இன்னொரு குறை பெரிது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் ரஸனை அல்ல. அந்த அம்மாளின் கேள்வி. புத்தகத்தை மூடும் சமயத்தில், இதில் சமைத்துப் போட்டவர்கள் எல்லாம் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தனை பேரும் பெண்கள். பயணம் போனவர்கள் ஆண்கள். சரக்குப் படகுக்காரனின் வாழ்க்கைபோல் சோம்பலான சுகம் உண்டா என்று ஸ்டீவன்ஸன் பெருமூச்சு விடும்போது, படகுக்காரனின் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ‘த்ரீ மென் இன் எ போட்’ நம் வாசகர்கள் பலருக்குப் பிடித்த புத்தகம்; பிரயாணத்துக்குச் சாமான் ஜாபிதா போடுவதை அதைவிடச் சிரிப்பாக யாரும் எழுதிவிடவில்லை. அவர் 1888-ல் கல்யாணம் செய்துகொண்டு, தேம்ஸ் நதியில் தேனிலவு கழித்துவிட்டு வந்துதான் அதை எழுத உட்கார்ந்தார். 1889-ல் புத்தகம் வந்தது. படகில் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள், ஒரு நாய் இருந்தது. மனைவியைக் காணோம்! ஹாஸ்யத்துக்கு அவள் இடைஞ்சல் என்று கரையிலேயே இறக்கிவிட்டார் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் மூவரும் லேடிஸ் சீட் வரை நடந்தோம். ஏரிப் பக்கம் போகலாம் என்றார் சிநேகிதர். படகுத் துறையில் கூட்டம் தாங்காது என்று அவர் மனைவி தடுத்துவிட்டார். அங்கே நின்றால் கீழே சேலம் முழுவதும் பரந்து கிடக்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளும் நேரம். வானம் தெளிவாக இருந்தால், தொலைநோக்கியில் மேற்கே மேட்டூர் அணைத் தண்ணீர்கூடத் தெரியும். அன்று தெரிந்தது. ஒரு கீற்றுத்தான்.

அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எங்க அம்மாயி பொறந்த ஊரு அந்தத் தண்ணிக்குள்ளேதாங்கண்ணா இருக்குது.”

மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. தேங்கின நீருக்குள் ஊர்கள் முழுகின. ஜனங்களைக் கிளப்பி வேறு இடங்களில் குடியேற்றினார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலை காட்டும். ஜனங்கள் போய்ப் பார்ப்பார்கள். பண்ணவாடித் துறையிலிருந்து அக்கரை நாகமரைக்குப் படகு போகிறது. சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி ஜில்லாவுக்குப் போக அது குறுக்கு வழி. மூட்டையும் முடிச்சும் மோட்டார் சைக்கிளுமாக ஏறிப் போவார்கள்.

“நீங்கள் அந்தப் படகில் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்கண்ணா. இங்கிருந்து எவ்வளவு தூரம்? காலையிலே கிளம்பினா சாயங்காலம் வந்துடலாம். நாப்பது வருஷமா போகலாம் போகலாம்னு சொல்லிக்கிட்டிருக்கோம். அக்கரையிலே எங்க ஒறவுக்காரங்க இருக்கறாங்கன்னு அம்மாயி சொல்லும். யாருன்னு தெரியாது. போய்க் கேட்டா யாராவது சொல்லுவாங்க.”

சிநேகிதர் தொலைநோக்கியை விட்டு நகர்ந்து மனைவியைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்த செய்தியைப் புதிதாகக் கேட்பவர்போல் நின்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் என் பதிலைச் சொன்னேன். கனால் டு மிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகான கால்வாய். 2006-ல் கண்ட ஒரு நோயால் அதன் கரையோரத்துப் பிளேன் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி வேறு மரம் நட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆகவே போகிறவர்கள் சீக்கிரம் போவது நல்லது. ஆனால் அடுப்பு இல்லாத படகாகப் பாருங்கள் என்றேன். அப்படிப்பட்ட படகு வாடகைக்குக் கிடைக்காவிட்டால், இருக்கிற அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். ரசப்பொடிக் கணக்கை அடித்துவிட்டு, அந்த இடத்தில் எந்த ஊரில் யார் கடையில் சாப்பிடுவது என்று எழுதுங்கள். மொழி தெரியாமல் முழிக்க வேண்டிவரும். ஒருத்தர் விரட்டுவார். இன்னொருத்தர் சூப்பு ஊற்றுவார். அந்த அம்மாளுக்கும் லீவு கிடைக்கும். மூன்றாவது அறையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் நாம் மூவரும் பண்ணவாடிக்குப் போவோம் என்றேன்.

“பண்ணவாடிக்கா?” என்றார் சிநேகிதர். “காலையில் எத்தனை மணிக்கு முதல் படகு? திரும்பக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? விசாரிக்காமல் போக முடியுமா?” நோட்டுப் புத்தகத்தை இழுத்து, புதிய பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “கட்டுச்சோறு கணக்கு மட்டும் எழுதாதீங்க. அக்கரையிலே போய்க் கேட்டுக்கலாம்.”

ஸ்டீவன்ஸனின் புத்தகத்தை வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சின்னப் புத்தகம், இரண்டு நாள் போதும். சமர்ப்பணத்தை மட்டும் கடைசியில் படியுங்கள். லா ஃபேர் மழையில் நனைந்துவிட்டு வந்து படித்தால்தான், மொரே ஆற்றோரத்தில் அலங்காரமாக நின்று உளுத்துப்போன அந்தப் படகின் கதை சிரிப்போடு கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.